கிராமத்துப் பாட்டை மின்சாரத்தில் ஏற்றிய மடி வாட்டர்ஸ்

1943-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த கிளார்க்ஸ்டேல் ரயில் நிலையம். முப்பது வயதுள்ள கறுப்பர் ஒருவர், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கிதாருமாக வந்து ரயில் ஏறினார். மெம்பிஸ் நகரில் வண்டி மாறி, மறுநாள் காலை சிகாகோவில் போய் இறங்கினார். சென்னையிலிருந்து ஐதராபாத் வருவதைவிட நீண்ட பயணம். சுமார் 1,000 கிலோ மீட்டர்.

அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவர்கள் ஒரு சிலரே. அவர்கள் வீட்டில் தங்கிக்கொண்டு ஒரு காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். செகந்திராபாத் நிலையத்தில் தகரப் பெட்டியுடன் இறங்கி, ஊர்க்காரர் ஒருவரின் விலாசத்தைத் தேடி அலைந்த தமிழர்களுக்கு இந்தக் கதையில் புதுமை ஒன்றும் இல்லை.

புதுமை பிறகுதான் வந்தது. ஐந்தே ஆண்டுகளில் அந்தத் தொழிலாளியின் இசைத்தட்டு சிகாகோ கடைகளில் சுடச்சுட விற்றது. இன்று உலகெங்கும் இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் மின்சார கிதார் இசைக்கு வேர் தேடிப் போனால், அங்கே நிற்கும் முதல் சிலருள் அவரும் ஒருவர். அவர்தான் மடி வாட்டர்ஸ்.

சேற்றில் விளையாடிய சிறுவன்

அவருடைய இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. பிறந்த ஆண்டு 1915 என்று அவரே சொல்லி வந்தார். பழைய பதிவேடுகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 1913 என்கிறார்கள். பிறந்த தேதி ஏப்ரல் 4. சிறு குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். பாட்டி டெல்லா கிராண்ட் அவரை எடுத்துச் சென்று, கிளார்க்ஸ்டேலை அடுத்த ஸ்டோவால் என்னும் பருத்திப் பண்ணையில் வைத்து வளர்த்தார்.

பேரன் எப்போதும் சேற்றிலேயே விளையாடிக்கொண்டிருந்தான். அதனால் பாட்டி அவனை மடி என்று கூப்பிட்டார். மடி என்றால் சேறு படிந்தவன். அதோடு வாட்டர்ஸ் என்பதைப் பிற்பாடு மற்றவர்கள் ஒட்டவைத்தார்கள். இரண்டும் சேர்ந்து சேற்று நீர் என்று பொருள்படும் பெயரே அவருக்கு நிலைத்தது. பெரும் புகழ் வந்த பிறகும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பண்ணைகளில் அடிமை முறை 1865-லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் நிலம் வெள்ளையரிடமே இருந்தது. கறுப்பர்கள் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதையும் உணவுப் பொருளும் பண்ணைக் கடையில் கடனாகக் கிடைக்கும். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடனே மிஞ்சும். நம் ஊர்ப் பண்ணையாட்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடி மூன்றாம் வகுப்பைத் தாண்டிப் படிக்கவில்லை. சிறு வயதிலேயே பருத்திக் காட்டில் இறங்கினார்.

குதிரை விற்று வாங்கிய கிதார்

முதலில் அவர் வாசித்தது மவுத் ஆர்கன். பதினேழு வயதில் கிதார் மீது ஆசை வந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஒரே குதிரையைப் பதினைந்து டாலருக்கு விற்றார். பாதிப் பணத்தைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுத் தம் பங்கிலிருந்து இரண்டரை டாலர் செலவிட்டுத் தபால் மூலம் ஒரு கிதார் வரவழைத்தார்.

அந்த வட்டாரத்தில் சன் ஹவுஸ் என்ற பாடகர் புகழ் பெற்றிருந்தார். உடைந்த பாட்டிலின் கழுத்துப் பகுதியை விரலில் மாட்டிக்கொண்டு, அதைக் கிதார் தந்திகளின்மேல் வழுக்கவிட்டு வாசிப்பார். கோட்டு வாத்தியத்தில் கட்டையைத் தந்திமேல் ஓடவிட்டு வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுரம் படிப்படியாக ஏறாது. குழைந்து, வழுக்கி, இழைந்து வரும். மனிதர் முனகுவது போலவும் அழுவது போலவும் கம்பி பேசும். சன் ஹவுஸ் எங்கே பாடினாலும் மடி போய் எதிரில் உட்கார்ந்து அவர் விரல்களைக் கவனித்தார்.

இந்த இசைக்கு ப்ளூஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல் மனச்சோர்வையும் குறிக்கும். பாட்டின் கட்டமைப்பு எளியது. முதல் அடியில் ஒரு குறையைச் சொல்வார்கள். இரண்டாம் அடியில் அதையே மறுபடி சொல்வார்கள். மூன்றாம் அடியில் அதற்கு ஒரு முடிவு அல்லது பதில் வரும். மூன்று அடிகளும் பன்னிரண்டு தாள அளவுகளில் அடங்கிவிடும். துணைக்கு மூன்றே சுரக் கூட்டுகள். ஒவ்வோர் அடியும் முடிந்ததும் பாடகர் சற்று நிறுத்த, அந்த இடைவெளியில் கிதார் பதில் சொல்லும்.

சில சுரங்களை இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்றுத் தாழ்த்தி, அசைத்துப் பாடுவது இதன் உயிர். கமகம் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு அது அபசுரமாகப் படாது. நாற்று நடும்போதும் ஏற்றம் இறைக்கும்போதும் பாடிய பாட்டையும், ஒப்பாரியையும் அறிந்தவர்களுக்கு இந்த இசையின் மனநிலையும் அன்னியமாக இராது. வேலையும் வறுமையும் பிரிவும்தான் இதன் பொருள். ஆனாலும் இது அழுகை மட்டும் அல்ல. கேலியும் குறும்பும் நிறைய உண்டு. துன்பத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் அதன் பாரம் குறைகிறது என்பதே இதன் தத்துவம்.

வீடு தேடி வந்த ஒலிப்பதிவு

1941 ஆகஸ்டு மாதம் ஸ்டோவால் பண்ணைக்கு ஒரு கார் வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப் பாடல்களைச் சேகரித்து வந்த ஆலன் லோமாக்ஸ் என்ற வெள்ளையரும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஒர்க் என்ற கறுப்பரும் அதில் வந்திருந்தார்கள். மடி அப்போது வீட்டில் சாராயம் விற்றுக்கொண்டிருந்தார். ஆகவே வந்தவர்களைச் சாராயம் பிடிக்க வந்த அதிகாரிகள் என்று நினைத்துப் பயந்தார். பாட்டுக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்ததும் கிதாரை எடுத்தார்.

அவர் குடிசையிலேயே ஒலிப்பதிவு நடந்தது. பதிவானதை உடனே போட்டுக் காட்டினார்கள். மடி தம் குரலைத் தாமே கேட்டது அன்றுதான். இசைத்தட்டுகளில் கேட்ட பெரிய பாடகர்களுக்குத் தாம் குறைந்தவர் அல்ல என்ற எண்ணம் அப்போது அவர் மனத்தில் விழுந்தது. பிற்பாடு லோமாக்ஸ் அந்தத் தட்டின் இரண்டு பிரதிகளையும் இருபது டாலர் காசோலையையும் அனுப்பி வைத்தார்.

மறுக்கப்பட்ட இரண்டரை சென்ட்

மடிக்குப் பண்ணையில் டிராக்டர் ஓட்டும் வேலை. கூலி மணிக்கு இருபத்திரண்டரை சென்ட். நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர். 1943-ல் அதை இருபத்தைந்து சென்டாக உயர்த்தித் தரும்படி மேஸ்திரியிடம் கேட்டார். கேட்டது இரண்டரை சென்ட். கிடைத்தது வசவு. சில நாட்களில் பாட்டியிடம் சொல்லிக்கொண்டு ரயில் ஏறினார்.

அவர் மட்டும் போகவில்லை. 1910-க்கும் 1970-க்கும் இடையே தெற்கிலிருந்து வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்கு இடம் பெயர்ந்த கறுப்பர்கள் சுமார் 60 லட்சம் பேர். நிறவெறிக் கொடுமை ஒரு காரணம். ஆலைகளில் கிடைத்த கூலி இன்னொரு காரணம். பருத்தி எடுக்கும் இயந்திரங்கள் வந்து, வயலில் இருந்த வேலையையும் பறித்துக்கொண்டன. மிசிசிப்பியிலிருந்து கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ரயில் பாதை காட்டிய வழியில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் குடியேறினார்கள்.

இரைச்சலில் கரைந்த கிதார்

பகலில் ஆலை வேலை. பிறகு லாரியில் ஜன்னல் திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. இரவில் மடி கிதாருடன் புறப்படுவார். வாடகை கட்டப் பணம் இல்லாதவர்கள் வீட்டில் விருந்து வைத்து, வருபவர்களிடம் சில்லறை வசூலிப்பது அந்நாளைய வழக்கம். அத்தகைய வீடுகளிலும் சிறிய மதுக்கடைகளிலும் அவர் பாடினார். ஏற்கெனவே அங்கே புகழ் பெற்றிருந்த பிக் பில் புரூன்சி என்ற பாடகர் புதியவருக்கு இடம் கொடுத்து உதவினார்.

ஆனால் ஒரு சங்கடம் தோன்றியது. ஊரில் அவர் பாடியது குடிசைத் திண்ணையில். சுற்றிலும் வயல்வெளி. கிதாரின் மரக்கூடு தருகிற ஒலியே போதுமானது. வீணையின் குடம் செய்யும் வேலையைத்தான் அந்தக் கூடும் செய்கிறது. அக்கூஸ்டிக் கிதார் என்று சொல்லப்படுவது இதுதான். சிகாகோ மதுக்கடையிலோ நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்ணாடிக் கோப்பைகள் மோதின. வெளியே டிராம் ஓடியது. அந்த இரைச்சலில் அவர் கிதார் எதிரில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில் அவருடைய மாமா ஒருவர் மின்சார கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் தந்திகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். இரும்புத் தந்தி அதிரும்போது சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கி வழியாக வெளியிடுவார்கள். சத்தம் பெரிதாவது மட்டும் இதன் பயன் அல்ல. தட்டிய சுரம் உடனே மங்காமல் நீண்டு நிற்கும். ஒலிபெருக்கியின் சக்திக்கு மீறி வாசித்தால் ஒரு கரகரப்பும் உறுமலும் சேரும். பாட்டில் கழுத்து வழுக்கும்போது அந்த நீண்ட கரகரப்பான சுரம் மனிதக் குரலுக்கு இன்னும் நெருங்கி வந்தது.

ஒரே பாட்டு, இரண்டு வடிவம்

போலந்திலிருந்து குடியேறிய யூதர்களான லியோனார்டு செஸ், ஃபில் செஸ் சகோதரர்கள் சிகாகோவில் இசைத்தட்டுத் தொழிலில் இறங்கியிருந்தார்கள். அவர்களுடைய கம்பெனிக்கு 1948 ஏப்ரலில் மடி இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார். அவருடைய மின்சார கிதாரும், பெரிய பிடில் போன்ற பாஸ் வாத்தியமும் மட்டுமே துணை. லியோனார்டுக்கு நம்பிக்கை இல்லை. பாடகர் என்ன சொல்கிறார் என்பதே அவருக்குப் புரியவில்லை. கூட்டாளி ஒருவரின் வற்புறுத்தலால் தட்டு வெளிவந்தது.

முதலில் அச்சிட்ட 3,000 தட்டுகளும் ஓரிரு நாளில் தீர்ந்தன. ஆளுக்கு இத்தனைதான் என்று கடைக்காரர்கள் கட்டுப்பாடு வைத்தார்கள். பாடிய மடியே தம் தட்டைக் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்க நேர்ந்தது.

அந்தத் தட்டில் இருந்தவை புதிய பாடல்கள் அல்ல. 1941-ல் குடிசையில் லோமாக்ஸிடம் பாடிய அதே இரண்டு பாடல்கள்தான். ஒன்றில் மன நிம்மதி இல்லாத ஒருவன் பேசுகிறான். குடிசையில் பாடியபோது அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட நினைக்கிறான். சிகாகோவில் பாடியபோது அவனே தெற்கே திரும்பிப் போக நினைக்கிறான். தட்டின் மறுபக்கத்துப் பாடலுக்குத் தலைப்பே ஊருக்குப் போகத் தோன்றுகிறது என்பதுதான்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது இந்த இசையை ரசிக்கக் கற்பதற்கு நல்ல வழி. 1941 பதிவில் கிதார் மரத்தின் ஒலியோடு வறண்டு, நெருக்கமாகக் கேட்கும். பாடகர் நமக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். 1948 பதிவில் அதே விரல், அதே வழுக்கல், அதே மெட்டு. ஆனால் சுரம் எஃகுபோல மின்னி அறை முழுவதையும் நிரப்பும். பாட்டு மாறவில்லை. பாடும் இடம் மாறியது.

தட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்த தொழிலாளர்களே. அந்நாளில் நகரத்துக் கறுப்பரிடையே நாகரிகமான மெல்லிசைக்கே மதிப்பு. கிராமத்துக் கொச்சை பட்டிக்காட்டுத்தனமாகக் கருதப்பட்டது. மடி அந்தக் கொச்சையை மறைக்கவில்லை. ஊர்ப் பேச்சை ஊர்ப் பேச்சாகவே, நகரத்து இரைச்சலை மீறிக் கேட்கும்படி பாடினார். ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஊர்க் குரலை அதில் அடையாளம் கண்டார்கள்.

சிகாகோ குழு

1950-ல் அந்த நிறுவனம் செஸ் ரெக்கார்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மடியைச் சுற்றி ஒரு குழு சேர்ந்தது. இரண்டாம் கிதார் ஜிம்மி ராஜர்ஸ். பியானோ ஓட்டிஸ் ஸ்பான். லிட்டில் வால்டர் என்ற இளைஞர் மவுத் ஆர்கனையும் சிறிய மைக்கையும் ஒன்றாகக் கைகளுக்குள் பொத்தி வைத்து ஊதினார். ஒரு ரூபாய்ப் பொம்மைபோல் எண்ணப்பட்ட மவுத் ஆர்கன், அவர் கையில் சாக்ஸபோனுக்கு நிகராக முழங்கியது. வில்லி டிக்ஸன் பாட்டு எழுதிக் கொடுத்தார். அவர் எழுதி 1954-ல் வெளிவந்த ஹூச்சி கூச்சி மேன் பெரும் வெற்றி பெற்றது. குழுவினர் எல்லாரும் சேர்ந்து ஓர் அடியை இறுக்கமாக அடித்து நிறுத்துவதும், அந்த மௌனத்தில் மடி குரல் எழுப்புவதும் அதன் தனி அழகு.

வளர்ந்து வரும் கலைஞர்களிடம் அவர் பொறாமை கொள்ளவில்லை. 1955-ல் தம்மைத் தேடி வந்த சக் பெரி என்ற இளைஞரைத் தாமே செஸ் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். ராக் அண்ட் ரோல் அலை எழுந்து, மடியின் தட்டுகள் விற்பனையில் சரிந்தன. அந்த அலையை எழுப்பியவர்களில் சக் பெரி முக்கியமானவர்.

முகம் சுளித்த ரசிகர்கள்

1958-ல் மடி இங்கிலாந்து சென்றார். பிக் பில் புரூன்சி அதற்கு முன் அங்கே சாதாரண கிதாருடன் பாடிப் புகழ் பெற்றிருந்தார். ப்ளூஸ் என்றால் மின்சாரம் படாத கிராமத்து இசை என்றே அங்குள்ள பலர் நினைத்திருந்தார்கள். மடியின் கிதார் அலறியதும் சில விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். 1963-ல் அவர் மறுபடி போனபோது, முன் அனுபவத்தை நினைத்துச் சாதாரண கிதாரை எடுத்துச் சென்றார். இந்த ஐந்து ஆண்டுகளில் ஆங்கிலேய இளைஞர்களே மின்சார கிதார் பித்துப் பிடித்து அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இப்போது ஏமாற்றம்!

அந்த இளைஞர்களில் சிலர் 1962-ல் ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். 1950-ல் வெளிவந்த மடியின் ரோலின் ஸ்டோன் என்ற பாட்டிலிருந்து அதற்குப் பெயர் எடுத்தார்கள். அதுவே உலகப் புகழ் பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழு.

எது உண்மையான ப்ளூஸ் என்ற வாதத்துக்கு மடி வாயால் பதில் சொல்லாமல் வாசித்தே பதில் சொன்னார். 1964-ல் வெளிவந்த ஃபோக் சிங்கர் என்ற தொகுப்பில் மீண்டும் சாதாரண கிதாருக்குத் திரும்பினார். உடன் வாசித்தவர் இளைஞர் படி கை. மின்சார கிதாரில் சூறாவளியாக வாசிப்பவர் அவர். அந்தத் தொகுப்பில் இருவரும் அடக்கி வாசிக்கிறார்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள மௌனம்கூடக் கேட்கிறது. ப்ளூஸைப் புதிதாகக் கேட்பவர் இரவு நேரத்தில், ஊர் அடங்கிய பிறகு கேட்க வேண்டியது இது.

1968-ல் நிறுவனத்தார் அவரை அந்நாளைய ராக் மோஸ்தரில் எலெக்ட்ரிக் மட் என்ற தொகுப்பைப் பாட வைத்தார்கள். விமர்சகர்கள் சாடினார்கள். அவருக்கும் அது பிடிக்கவில்லை. மின்சாரம் அவருக்கு அன்னியமல்ல. ஆனால் தம் பாட்டைக் கேட்கச் செய்யும் கருவியாக அதை அவர் வைத்திருந்தார். இங்கே கருவி பாட்டை விழுங்கிவிட்டது.

பட்டதும் பெற்றதும்

1969-ல் நடந்த கார் விபத்தில் அவருடைய டிரைவர் உட்பட மூவர் இறந்தார்கள். மடி பலத்த காயத்துடன் பிழைத்து, பல மாதங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிறகு கைத்தடியுடன் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பாடினார்.

குடும்ப வாழ்வில் அவர் குறையற்றவர் அல்ல. மனைவியைத் தவிர வேறு பெண்களிடமும் அவருக்குக் குழந்தைகள் பிறந்தன. 1973-ல் மனைவி ஜெனீவா காலமான பிறகு, அந்தக் குழந்தைகளில் சிலரைத் தம்மோடு அழைத்துவந்து வளர்த்தார். சிகாகோவை விட்டு வெஸ்ட்மான்ட் என்னும் புறநகருக்குக் குடிபோனார்.

படிப்பில்லாத கலைஞர்களுக்கு நேரும் நஷ்டம் அவருக்கும் நேர்ந்தது. தம் பாடல்களுக்குரிய உரிமைத் தொகை ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று, பாடல் உரிமையை வைத்திருந்த ஆர்க் மியூசிக் நிறுவனத்தின்மீது 1970-களில் அவரும் வில்லி டிக்ஸனும் வழக்குத் தொடுத்தார்கள். அது சமரசத்தில் முடிந்தது. இரண்டரை சென்டுக்காகப் பண்ணையை விட்டவர், முதுமையிலும் தம் கூலியைக் கேட்க வேண்டியிருந்தது.

பாராட்டும் அந்த ஆண்டுகளில்தான் நிறைய வந்தது. 1972 முதல் கிராமி விருது ஆறு முறை கிடைத்தது. 1977-ல் ஜானி வின்டர் என்ற வெள்ளைக் கிதார் கலைஞர் தயாரித்த ஹார்டு அகெய்ன் தொகுப்பில் அவர் குரல் பழைய கம்பீரத்துடன் ஒலித்தது. 1978-ல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கார்ட்டர் முன்னிலையில் பாடினார். 1983 ஏப்ரல் 30-ம் தேதி தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 70.

இரண்டு வீடுகள்

செகந்திராபாத் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும். பம்பையும் பாட்டும் ஒலிபெருக்கியில் தெருக்கோடி வரை கேட்கும். மைக் வைத்ததால் அது ஊர்ப் பாட்டு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பாடுகிறவர் குரலில் ஊர் இருக்கிறதா என்றுதான் காது தேடுகிறது. மடி வாட்டர்ஸைக் கேட்கவும் அந்தக் காதே போதும். ஆங்கிலம் முழுவதும் புரிய வேண்டும் என்பதில்லை. செஸ் சகோதரருக்கே புரியவில்லையே!

மடி வளர்ந்த ஸ்டோவால் குடிசையின் மரச் சுவர்கள் இன்று கிளார்க்ஸ்டேலில் உள்ள டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சிகாகோவின் தெற்குப் பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டை 2021-ல் அந்நகரம் நினைவுச் சின்னமாக அறிவித்தது. அந்த வீட்டின் அடித்தளத்தில்தான் அவர் குழுவினர் ஒத்திகை பார்த்தார்கள். தெற்கிலிருந்து புதிதாக வந்த பாட்டுக்காரர்கள் பலர், தங்க இடம் கிடைக்கும்வரை அங்கேதான் தங்கினார்கள்.